பொருட்காட்சி மைதானத்தில் கடை வளாகம் கட்டலாமா?

கேட்டவர் குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர். அவருடைய கேள்வியின் சுருக்கம்: ஊர் நடுவில் 250 சென்ட் மைதானம் இருக்கிறது. ஆடி மாதத்தில் இருபது நாள் பொருட்காட்சி நடக்கிறது. மீதி நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. பகலில் ஆடு மேய்கிறது, ராத்திரியில் குப்பி உடைகிறது. அங்கே நாற்பது கடை கட்டி வாடகைக்கு விட்டால் பேரூராட்சிக்கு மாதாமாதம் வருமானம் வருமே. பொருட்காட்சிக்கு ஊருக்கு வெளியே வேறு நிலம் பார்த்துக்கொள்ளலாம். இதில் என்ன தவறு?

கட்டாதீர்கள் என்பதே என் பதில். கேரள எல்லையின் இரண்டு பக்கமும் பொருட்காட்சி ஏலதாரர்களுக்குக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். ராட்டினத்தின் மேல் எனக்குப் பெரிய காதல் கிடையாது, ஏறினால் தலை சுற்றும். ஆனால் ஒரு மைதானத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது என்பது தெரியும். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் குழித்துறையை எடுத்துக்கொள்வோம். ஆடி அமாவாசையன்று தாமிரபரணிக் கரையில் முன்னோருக்குப் பலி இடக் கூடும் கூட்டத்தை ஒட்டி வளர்ந்ததுதான் வாவுபலிப் பொருட்காட்சி. (திருநெல்வேலித் தாமிரபரணி வேறு. தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் சேரும் நம் ஆற்றைச் சொல்கிறேன்.) திருவிதாங்கூர் காலத்தில் தொடங்கியது, 1956 நவம்பர் 1-ல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நிற்கவில்லை. இப்போது குழித்துறை நகராட்சி நடத்துகிறது. ராட்டினம், அப்பளக்கடை, பாத்திரக்கடை எல்லாம் எந்த ஊரிலும் உண்டு. குழித்துறைக்கு என்று தனியாக இருப்பது கன்றுக்கடை. ஆற்றில் முங்கிப் பலிச்சோறு வைத்துவிட்டு ஈரத்துணியோடு கரையேறுகிறவர், வீடு திரும்பும்போது ஒரு பலாக்கன்றையோ தென்னங்கன்றையோ கையில் பிடித்திருப்பார். ஒட்டுமா, றம்புட்டான், மங்குஸ்தான், கிராம்பு, நல்லமிளகுக் கொடி என்று கறுப்புப் பைகளில் வரிசையாக நிற்கும்.

இந்தக் கன்று வியாபாரம் ஏன் ஆடியில் நடக்கிறது? குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆடியில் குழி நனைந்திருக்கும். நட்ட கன்று வேர் பிடிப்பதற்குள் ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிடும். அடுத்த கோடை வருவதற்குள் கன்று தன் காலில் நிற்கும். இதே பொருட்காட்சியை வசதிக்காகச் சித்திரை விடுமுறைக்கு மாற்றினால் ராட்டினம் வரும், கன்றுக்கடை வராது. கன்று வாங்கப் போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: இலையைப் பார்த்து வாங்காதீர்கள். பையைத் தூக்கி அடியைப் பாருங்கள். ஆணிவேர் துளை வழியாக வெளியே வந்து சுருண்டிருந்தால் அந்தக் கன்று பையிலேயே கிழடு தட்டிவிட்டது என்று அர்த்தம். ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுப்போட்ட முடிச்சுக்குக் கீழே துளிர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது வளர்ந்தால் வீட்டில் நிற்கப்போவது அடியில் இருக்கும் வேர்ச்செடியின் காட்டுமரம், நீங்கள் கேட்ட ரகம் இல்லை.

ஆக, ஒரு பொருட்காட்சிக்கு அதன் காலமும் இடமும் மாற்ற முடியாத முதல். ஆற்றங்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் மைதானம் இருப்பதால்தான் பலிக்கு வந்தவர் பொருட்காட்சிக்கு வருகிறார். ஐந்து கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் வந்தவர் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். ஊருக்கு வெளியே பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். உங்கள் ஊர்ப் பொருட்காட்சி எதை ஒட்டி வளர்ந்தது என்று வயதானவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். கோயிலோ, தேவாலயமோ, சந்தையோ, படகுத்துறையோ ஏதாவது ஒன்று இருந்திருக்கும்.

எல்லையோரத்துக்கென்று இன்னும் சில கணக்குகள் உண்டு, சென்னையிலிருந்து வரும் ஏலதாரருக்கு அவை புரிவதில்லை. ஒன்று, பஞ்சாங்கம். 2024-ல் கேரளத்தில் கர்க்கடக வாவு (அவர்களுடைய ஆடி அமாவாசை) ஆகஸ்ட் 3, தமிழ்நாட்டில் ஆடி அமாவாசை ஆகஸ்ட் 4. 2023-ல் ஆடியிலேயே இரண்டு அமாவாசை. கேரளத்தில் ஜூலை 17-ல் பலி இட்டார்கள், தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஆகஸ்ட் 16 வரை காத்திருந்தார்கள். நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்திலிருந்து வரும் கூட்டத்தை நம்பிச் சரக்கு இறக்குகிறவர் இரண்டு நாட்காட்டியையும் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். இன்னொன்று, மீன்பிடித் தடைக்காலம். நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அமாவாசை ஜூலையிலேயே விழுந்துவிட்டால் கடற்கரை ஊர்களின் கையில் காசு இருக்காது. ஆகஸ்டில் விழுந்தால் முதல் மீன்பாடு வந்திருக்கும், பாத்திரக்கடைக்காரர் முகம் மலர்ந்திருக்கும். மூன்றாவது, ரப்பர். விடாமழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லையென்றால் மலையோரத்துக் கூட்டம் ராட்டினத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இவை எல்லாம் ஏலத்தொகை கேட்கும்போதே மனதில் ஓட வேண்டியவை.

இப்போது அந்த மீதி முந்நூற்றுச் சொச்சம் நாட்களுக்கு வருவோம். உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று நீங்கள் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நான் பார்த்த மேற்குப் பக்கத்து மைதானங்களில் நடப்பதைச் சொல்கிறேன்.

பொருட்காட்சி முடிந்து குழிகளை மூடுவதற்குள் ஓணம் வந்துவிடும். குமரி மாவட்டத்துக்கு அன்று உள்ளூர் விடுமுறை. சங்கங்கள், மன்றங்கள் எல்லாம் அத்தப்பூக் கோலப் போட்டியும் வடம் இழுத்தலும் உறியடியும் நடத்தும். வடம் இழுக்க வரும் குழுக்கள் சாதாரணப்பட்டவை அல்ல. பரிசுத்தொகை நன்றாக இருந்தால் எல்லை தாண்டியும் வருவார்கள். சிமென்ட் தரையில் யாரும் வடம் இழுக்க மாட்டார்கள். குதிகால் பதிய மண் வேண்டும்.

புரட்டாசியில் பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் புறப்படுவார்கள். முதல் நாள் இரவு குழித்துறையில் தங்கல். மறுநாள் களியக்காவிளையில் கேரளம் வரவேற்றுக்கொள்ளும். இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செலுத்தும் ஊர்வலம் அது. அன்றைக்கு வழியிலுள்ள எல்லா ஊர்களுக்கும் வண்டி நிறுத்த இடம் வேண்டும். நெடுஞ்சாலையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மார்த்தாண்டம் தெரிந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கார்த்திகையில் கோட்டாறு சவேரியார் திருவிழா, டிசம்பர் 3 வரை. அது நாகர்கோவிலில்தான். ஆனால் அங்கே கடை போட்ட வளையல்காரரும் பேரீச்சம்பழக்காரரும் அடுத்து எங்கே போவது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். டிசம்பர் நடுவில் ஒரு ஊரில் ஐக்கிய கிறிஸ்துமஸ் விழாவும் குடில் போட்டியும் நடந்தால் அப்படியே வந்து இறங்குவார்கள். மாசியில் மண்டைக்காடு பகவதியம்மன் கோயில் கொடைவிழா, பத்து நாள். இருமுடி கட்டிக்கொண்டு கேரளத்துப் பெண்கள் பெருங்கூட்டமாக வருவார்கள். தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவின் ஆண்டு விழா ரஜப் மாதக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். இவற்றில் ஒன்றுகூட உங்கள் மைதானத்தில் நடக்காமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் கடைக்காரர்களின் சுற்றில் ஒரு நிறுத்தம். இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே பத்து நாள் இடைவெளி விழும்போது அவர்கள் தரை தேடுகிறார்கள். அந்தத் தரையை யாரும் அவர்களிடம் விற்றதில்லை. உங்கள் பேரூராட்சிக்கு வராமல் போகும் வருமானம் அதுதான்.

பிறகு ஏப்ரல், மே. ஒரு காலத்தில் சர்க்கஸ் மாதங்கள். தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சி கொடுத்த வித்தை கேரளம் முழுக்கப் பரவி, கூடாரம் அடிக்காத ஊர் இல்லை என்றிருந்தது. சிங்கம், புலி, கரடி, குரங்கு, சிறுத்தைகளை வித்தைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையை 2001-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2011-ல் சிறுவர்களைச் சர்க்கஸில் சேர்க்கவும் தடை வந்தது. இரண்டும் நியாயமான உத்தரவுகள். ஆனால் கூடாரம் விட்டுப்போன காலியிடத்தை மைதானங்கள் வேறு எதையாவது கொண்டு நிரப்ப வேண்டியிருந்தது. இப்போது அங்கே ஐவர் கால்பந்து, எழுவர் கால்பந்து, புத்தகக் காட்சி. 2022 முதல் எல்லா மாவட்டங்களிலும் புத்தகக் காட்சி நடத்த மாநில அரசு ஏற்பாடு செய்வதால் மாவட்டத் தலைநகரத்தில் அது நிலைத்துவிட்டது. பேரூராட்சிகளுக்கு இன்னும் இறங்கவில்லை. இறக்கலாம், முயன்று பாருங்கள்.

இவை போக, அழைப்பிதழ் இல்லாமல் வரும் நாட்கள் இருக்கின்றன. 2020 ஊரடங்கில் நெரிசலான காய்கறிச் சந்தைகளைத் தமிழ்நாடு முழுவதும் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாற்றினார்கள். மைதானம் இல்லாத ஊர்கள் திண்டாடின. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தபோது, வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியப் பணியாளர்களின் லாரிகளையும் புதுக் கம்பங்களையும் இறக்கி வைக்க எங்கே இடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கணக்குக்கு வருகிறேன். உதாரணத்துக்கு எண்களைப் போடுவோம், உங்கள் ஊர் நிலவரப்படி நீங்களே மாற்றிக்கொள்ளலாம். நாற்பது கடை, ஒவ்வொன்றும் 150 சதுர அடி. நடைபாதை, படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் சேர்த்து 9,000 சதுர அடிக் கட்டடம். சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 2 கோடியே 25 லட்சம். கடன் வாங்கிக் கட்டினால் 9 சதவீத வட்டி மட்டும் ஆண்டுக்கு 20 லட்சத்துச் சொச்சம். கடைக்கு மாதம் 4,000 வீதம் நாற்பதும் நிரம்பினால் ஆண்டு வாடகை 19 லட்சத்து 20 ஆயிரம். வட்டிக்கே போதவில்லை. நாற்பதும் நிரம்பாது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முதல் மாடிக் கடைகளுக்கு ஏறி வர நம் ஊரில் ஆள் கிடையாது. மானியத்தில் கட்டினால் வட்டி இல்லை, சரி. ஆனால் வாடகை பாக்கி, உள்வாடகை, பத்து வருடத்துக்குப் பிறகு உயர்த்த முடியாத வாடகை, அதற்கொரு வழக்கு, இவை மானியத்தோடு சேர்ந்தே வரும்.

பொருட்காட்சி வருமானம் என்பது இதற்கு நேர் எதிரானது. முதல் போட வேண்டியதில்லை, தரை இருந்தால் போதும். ஆனால் அந்த வருமானத்தையும் நாம் பாதிதான் எடுக்கிறோம், இந்த இடத்தில் உங்கள் ஆதங்கம் நியாயமானது. வழக்கமான முறை என்ன? நுழைவுச்சீட்டு, கடைத்தரை, ராட்டினத்தரை, வண்டி நிறுத்தம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஏலம் விடுகிறோம். அவ்வளவு பெரிய தொகையை முன்பணமாகக் கட்ட மூன்று நான்கு பேரால்தான் முடியும். அந்த நான்கு பேரும் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள். எடுத்தவர் ராட்டினத்தரையை ஒருவருக்கு, தின்பண்ட வரிசையை இன்னொருவருக்கு உள்குத்தகை விடுவார். அவர் மூலைக்கடைக்கு இரட்டை வாடகை, வாசலை ஒட்டிய கடைக்கு ஒன்றரை மடங்கு என்று பிரித்து விடுவார். கடைசியில் எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவர் மூன்று பேரின் லாபத்தைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கிறார். டெல்லி அப்பளத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முறம் அளவுக்குப் பொரித்து மிளகாய்த்தூள் தூவிக் கொடுப்பார்கள். அப்பளத்தின் அடக்கவிலை சொற்பம். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அவர் நிற்கும் பத்தடிக்குப் பத்தடித் தரைக்கும், தலைக்கு மேல் இருக்கும் தகரத்துக்கும், ஜெனரேட்டரிலிருந்து இழுத்த ஒற்றை விளக்குக்கும் போகிறது.

மூட்டையை அவிழ்த்து விடுங்கள். ராட்டினத்தரை தனி ஏலம், தின்பண்டம் தனி, மற்றக் கடைகள் தனி, வண்டி நிறுத்தம் தனி. நுழைவுச்சீட்டின் உச்ச விலையை ஏல நிபந்தனையிலேயே எழுதுங்கள். இருபது கடையாவது பேரூராட்சியின் கையில் வைத்துக்கொண்டு மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் கன்று, தேன், மண்பானை விற்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் குறைந்த வாடகைக்கு நேரடியாகக் கொடுங்கள். மார்த்தாண்டம் தேனுக்கும் கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த இரண்டையும் நம் ஊர்ப் பொருட்காட்சியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது வெட்கம். சேனையும் காய்ச்சில் கிழங்கும் ஏத்தன் வாழைக்குலையும் பார்வைக்கு வைத்துப் பரிசு கொடுக்கும் பழைய வழக்கத்தையும் விடாதீர்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு நாள் மெல்லிசைக் கச்சேரியின் செலவில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

வாடகையை ஏற்றினால் வருமானம் ஏறும் என்று நினைப்பவர்களுக்குத் திருச்சூரைக் காட்டலாம். தேக்கின்காடு மைதானத்தில் நடக்கும் பூரம் பொருட்காட்சியின் வருமானத்தில்தான் பூரம் திருவிழாவின் பெருஞ்செலவு ஓடுகிறது. 39 லட்சமாக இருந்த தரை வாடகையை 2 கோடியே 20 லட்சமாக்க வேண்டும் என்று கொச்சி தேவஸ்வம் போர்டு 2023-ல் கேட்டதும், பூரத்தையே சடங்காகச் சுருக்கிவிடுவோம் என்று பூரத்தை நடத்தும் திருவம்பாடி, பாறமேக்காவு கோயில்களின் தரப்பிலிருந்து பேச்சு கிளம்பியது. கடைசியில் கேரள முதலமைச்சர் தலையிட்டுப் பழைய அளவிலேயே முடித்து வைத்தார். தரைக்கு வாடகை வாங்கலாம், ஆனால் அந்தத் தரைக்கு மதிப்பைக் கொடுத்த திருவிழாவையே நெருக்கும் அளவுக்குப் போனால் இரண்டும் போய்விடும்.

கட்டியவர்கள் கதையும் இருக்கிறது. மதுரைத் தமுக்கம் மைதானத்தில் மாநாட்டு மையம் கட்டி 2022-ல் திறந்தார்கள். புத்தகக் காட்சிக்கு அது பெரிய வசதி, மழைக்குப் பயமில்லை. ஆனால் ராட்டினத்துக்குக் கூரைக்குக் கீழே என்ன வேலை? மதுரை பெரிய ஊர், வேறு மைதானம் தேடிக்கொள்ளும். உங்களுக்கு இருப்பது ஒன்று.

மறுகோடியில் பாலக்காட்டு நெம்மாறையைப் பாருங்கள். நெம்மாறை, வல்லங்கி இரண்டு ஊராரும் போட்டி போட்டு நடத்தும் 'வேலா' திருவிழா மீன மாதம் 20-ல், ஏப்ரல் தொடக்கத்தில். பந்தல், யானை, மேளம், வாணவேடிக்கை எல்லாம் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் நெல்வயலில். மழை வந்ததும் அதே நிலத்தில் நாற்று. திருவனந்தபுரத்துப் புத்தரிக்கண்டம் மைதானமும் ஒரு காலத்தில் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் புத்தரிசி விளைந்த வயல்தான். இன்று பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் அங்கே நடக்கின்றன. நிலம் வேலை மாறலாம். வேலை மாற வேண்டுமானால் அதன் மேல் கான்கிரீட் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொரு காரணம் இருக்கிறது, அதை யாரும் கூட்டத்தில் பேச விரும்புவதில்லை. 2016 ஏப்ரல் 10 அதிகாலை கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோயில் வளாகத்தில் வெடிமருந்து வைத்திருந்த கட்டடம் வெடித்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. கட்டடம் சிதறிப் பறந்த கான்கிரீட் துண்டுகளும் ஆளைக் கொன்றன. திருவிழாக் கூட்டத்துக்குத் தேவை விலகி ஓட இடம். மைதானத்தைச் சுற்றி 'ப' வடிவில் கடை வளாகம் எழுப்பிவிட்டு நடுவில் மிச்சமிருக்கும் முற்றத்தில் பொருட்காட்சி நடத்தலாம் என்று உங்கள் பொறியாளர் வரைபடம் காட்டினால், ஐயாயிரம் பேர் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று மட்டும் கேளுங்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டுக் கொடையை ஒட்டி மூண்ட மதக் கலவரத்தை நம் மாவட்டம் மறக்கவில்லை. குன்றக்குடி அடிகளார் நேரில் வந்து இரு தரப்பையும் சந்தித்துச் சமாதானம் பேச வேண்டியிருந்தது. நம் பக்கத்தில் எல்லா மதத்தாரும் தோளோடு தோள் உரசி நடக்கும் இடங்கள் சந்தையும் பொருட்காட்சியும்தான். அங்கே நெரிசல் இருக்கக் கூடாது என்பது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

சரி, கட்டடம் வேண்டாமென்றால் கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது? தரையில் போடுங்கள்.

ஆடிப் பொருட்காட்சியின் முதல் எதிரி சேறு. லாரிச் சக்கரம் உழுது போட்ட செம்மண்ணில் இரண்டு மழை பெய்தால் செருப்பு உள்ளே போய்விடும். மரத்தூளைக் கொட்டுவார்கள், அது மறுநாள் களியாகிவிடும். ஒருமுறை முறையாக மட்டம் பார்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சரிவு கொடுத்து, சுற்றிலும் மூடிய வடிகால் வைத்து, மேலே சரல் பரப்பி உருளை ஓட்டிவிட்டால் பல வருடத்துக்குக் கவலையில்லை. மைதானத்தில் ஒரு மூலையை மட்டும், ராட்டினம் நிற்கும் இடத்தை, இன்னும் கெட்டியாக இறுக்குங்கள்.

ராட்சத ராட்டினம், கொலம்பஸ் கப்பல், டிராகன் ரயில் எதுவாக இருந்தாலும் அவை நிற்பது மரக்கட்டை அடுக்கின் மேல்தான். மழையில் ஒரு பக்கத்துத் தரை இறங்கினால் கட்டையைச் செருகிச் சமன் செய்வார்கள். பத்து நாளில் ஒரு பக்கம் இரண்டு கட்டை, மறுபக்கம் ஐந்து கட்டை என்று நிற்கும். நீங்கள் குடும்பத்தோடு போகும்போது விளக்கைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். கட்டைகள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா, இருக்கையின் தடுப்புக் கம்பிக்குப் பூட்டு ஊசி இருக்கிறதா, கயிற்றால் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். பொதுப்பணித் துறையின் உறுதிச் சான்றும் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் திறப்பு விழாவுக்கு முன் வாங்குவதுதான். ஆனால் சான்று கொடுத்த நாளில் தரை காய்ந்திருந்தது என்பதை மறக்கக் கூடாது. பத்து மழைக்குப் பிறகு இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று நிபந்தனையில் எழுதினால் கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

அடுத்து மின்சாரம். ஒவ்வொரு ஆண்டும் தற்காலிக இணைப்பு, ஈரத்தரையில் கிடக்கும் வயர், அதன் மேல் பாதுகாப்புக்கு ஒரு சாக்கு. நிரந்தரமாக மும்முனை இணைப்பும், சுற்றிலும் உயரக் கம்பங்களும், கம்பத்துக்கு ஒரு பெட்டியும் வைத்துவிடுங்கள். கசிவு வந்தால் தானாக அணையும் கருவி அந்தப் பெட்டியில் இருக்கட்டும். அந்தக் கம்பங்களில் நான்கு விளக்கு எரிந்தால் ராத்திரியில் குப்பி உடைகிற தொல்லையும் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். ஆண், பெண் கழிப்பறைகள் கட்டாயம், பெண்களுக்குக் கூடுதலாக. இதற்கு மட்டும் கட்டடம் கட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன். குடிநீர்க் குழாய் வைத்தால் பாட்டில் குப்பை பாதியாகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும் கேரளத்தில் 2020 ஜனவரி 1 முதலும் தடை இருக்கிறது. ஆனாலும் இந்தப் பக்கம் பறிமுதல் செய்தது அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றும், அந்தப் பக்கம் பறிமுதல் செய்தது இங்கிருந்து போனது என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி வரம்பு சட்டத்திலேயே உண்டு. மைதானத்தைச் சுற்றி வீடு இருப்பவர்கள் பொருட்காட்சிக்கு எதிராகத் திரும்புவது பெரும்பாலும் இந்த ஒன்றால்தான். பத்து மணிக்கு அணைத்துவிட்டால் அவர்களே உங்கள் பக்கம் பேசுவார்கள்.

கடைசியாக முன்பதிவுப் புத்தகம். அலுவலகத்தில் ஒரு பேரேடு திறந்து, மைதானத்தின் ஆண்டு நாட்காட்டியைப் பலகையில் எழுதி வெளியே மாட்டுங்கள். கால்பந்துக்கு ஒரு கட்டணம், வியாபாரத்துக்கு ஒரு கட்டணம், பள்ளிக்கூடத்துக்கு இலவசம். பொதுக்கூட்டத்துக்கு எந்தக் கட்சியானாலும் ஒரே தொகை. இதில் ஒரு முறை வளைந்துகொடுத்தால் பிறகு நிமிரவே முடியாது. எடுத்தவர்கள் எல்லோரிடமும் காப்புத்தொகை வாங்குங்கள். பந்தல் கால் நட்ட குழிகளை மூடி, ஆணி பொறுக்கி, தரையைச் சமன் செய்து ஒப்படைத்த பிறகுதான் அது திரும்பக் கொடுக்கப்படும் என்று எழுதுங்கள். ஆணி பொறுக்குவதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கூடாரம் பிரித்த மறுநாள் காலையில் செருப்பில்லாமல் பந்து விளையாட வரும் பையன்களுக்காகச் சொல்கிறேன். பெரிய ஏலதாரர்கள் இந்த நிபந்தனையைப் பார்த்துச் சிரிப்பார்கள். தொகையைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள், காந்தக் கட்டையோடு ஆள் அனுப்புவார்கள்.